பார்க்க வந்தவர்கள்

விற்பனைக்கென்று ஒரு பொருளைத் தன் வளவில் நிறுத்திய மனிதன் அன்றோடு அந்த வளவின் மீது தனக்கிருந்த பாத்தியதையை இழந்துவிடுகிறான் என்ற உண்மையை, நேற்று மாலை, மோட்டார் சைக்கிளின் எஞ்சினை நிறுத்தும் சிரமத்தைக்கூட மேற்கொள்ளாமல், ஒரு காலை நிலத்தில் ஊன்றி, என் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "சேர், கடைசி என்ன?" என்று கேட்ட கனவான் எனக்கு மறுபடியும் உணர்த்திவிட்டுப் போனார். முதல் விலையையே நான் இன்னும் வாய் திறந்து சொல்லவில்லை. அவரோ காரை இன்னும் பார்க்கவில்லை. அது வேலிக்கு உட்புறம், கஜு மரத்தடியில், ஓலைக் கொட்டிலுக்குள் நிற்கிறது. வீதியிலிருந்து நோக்கினால் அதன் பின்விளக்குகளில் ஒன்று மாத்திரமே தெரியும். விளக்கொன்றைக் கண்ட மாத்திரத்தில் கடைசி விலைக்குப் போய்விடக்கூடிய தீர்க்கதரிசியிடம் நான் என்ன பேரம் பேசுவது? விலையைச் சொன்னேன். அவர் சிரித்தார். தம்முடைய மச்சான் ஒருவர் இதைவிட நல்ல காரொன்றை இதில் பாதி விலைக்கு வாங்கியதாகவும், வாங்கிய நாள் முதல் அதை விற்க முடியாமல் அலைவதாகவும் தெரிவித்துவிட்டு, சித்தாண்டிப் பக்கமாகப் போய்ச் சேர்ந்தார்.

இந்தக் காரை நான் ஏன் விற்கிறேன் என்பதைச் சொல்லவே இதை எழுத உட்கார்ந்தேன். வருகிறவர்கள் கேட்கும் இரண்டாவது கேள்வி அதுதான். அதைக் கேட்கும்போது அவர்கள் என் முகத்தை நோக்கும் பார்வையில், காரில் ஏதோ ஒரு கள்ளம் இருக்கிறது, அது இந்த மனிதருடைய வாயிலிருந்து இப்போது வெளிவந்துவிடும் என்ற நம்பிக்கை பிரகாசிக்கும். நியாயமான, சுருக்கமான ஒரு பதில் என்னிடம் உண்டு. அதைச் சொல்லுமுன் கார் இன்னதென்று சொல்லியாக வேண்டும்.

டொயோட்டா செலிக்கா என்பது 1970ஆம் வருஷம் டிசம்பரில் ஜப்பானிலே விற்பனைக்கு வந்த இரு கதவு வாகனம். நீண்ட முன்புறமும் குறுகிய பின்புறமுமாக, அமெரிக்காவின் மஸ்டாங் காரை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்ட அதைக் கண்டு அக்காலத்து வாலிபர்கள் உறக்கமிழந்தார்கள். ஆயிரத்து அறுநூறு என்று பொதுவாகச் சொல்லப்படும் அதன் எஞ்சினின் உண்மையான கொள்ளளவு 1588 கன சென்ரிமீற்றர். அவ்வினத்தில் உயர்குலத்ததாகிய ஜீ.ரீ. மாதிரிக்கு யமஹா நிறுவனத்தாரின் கைவண்ணத்தில் உருவான இரட்டைக் காம்ஷாஃப்ட் தலைப்பகுதி பொருத்தப்பட்டிருந்தது. அது 115 குதிரைவலுவைப் பிரசவித்தது. இவ்வளவையும் நான் விஸ்தாரமாகச் சொல்வது, இவற்றுள் ஒன்றேனும் என் காரில் இல்லை என்பதைத் தெளிவுபடுத்தும் பொருட்டே.

1977இல் பொருளாதாரத்தின் கதவு திறக்கப்பட்டு, ஜப்பானில் ஓடிக் களைத்த வாகனங்கள் கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக இறங்கிய நாட்களில் இதுவும் இறங்கியது என்பது ஐதிகம். ஒரு வைத்தியர், அதன்பின் ஒரு தேங்காய் வியாபாரி, அதன்பின் பொலன்னறுவைப் பக்கத்து அரிசி முதலாளி ஒருவர் என்று கைமாறிக் கைமாறி வந்த அந்தக் காரின் சரித்திரத்தில் முதலாளியின் காலமே மகத்தான யுகம். டீசலுக்கும் பெற்றோலுக்கும் விலையில் வெகுதூரம் இருந்த அந்நாளில், நாடெங்கும் மொரிஸ் ஒக்ஸ்போர்ட்டுகளும் ஒஸ்டின்களும் தம் பெற்றோல் இருதயங்களைப் பறிகொடுத்து டீசல் இருதயங்களைப் பெற்றுக்கொண்டிருந்தன; முதலாளியும் காலத்தோடு ஒத்து வாழ்பவராகையால், விபத்தில் நசுங்கிய லைட்ஏஸ் வான் ஒன்றின் 1974 கன சென்ரிமீற்றர் டீசல் எஞ்சினைக் கழற்றி இந்த ஓட்டப் பந்தயக் குதிரையின் வயிற்றுக்குள் செலுத்தினார். எஞ்சின் உயரமாக இருந்தது, பொனற் மூடவில்லை. முதலாளி பொனற்றில் ஒரு சதுரத் துவாரத்தை வெட்டி, அதன்மேல் தகரத்தால் ஒரு கூனலைச் செய்து ஒட்டினார். அந்தக் கூனலை இன்றைய இளைஞர்கள் கையால் தடவி, வேகத்துக்காக வைக்கப்பட்டது என்று தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

அவர் அத்தோடு நிற்கவில்லை. டீசல் எஞ்சின் காலையில் உயிர்பெற வேண்டுமானால் ஹீற்றர் பிளக்குகள் சிவக்கச் சூடாக வேண்டும். அதற்கான சாவி நிலையோ எச்சரிக்கை விளக்கோ செலிக்காவின் முகப்புப் பலகையில் கிடையாது. ஆகவே முதலாளி, வீட்டு வாசலில் வைக்கும் அழைப்பு மணியின் வெள்ளை நிறப் பொத்தான் ஒன்றை, மணியின் சின்னம் பொறித்தபடியே, ஸ்டியரிங்கின் இடப்புறத்தில் திருகாணியால் பூட்டிவைத்தார். அதைப் பெருவிரலால் அமுக்கிப் பத்து வரையில் எண்ணிவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். எண்ணிக்கை எட்டில் தவறினால் வெண்புகை. பன்னிரண்டுக்குப் போனால் பற்றரி சாகும். பஸ் ஹோர்ன் ஒன்று, பச்சை விளக்குகள், பின்புறத்தில் பலகையால் செய்து கறுப்பு வர்ணம் தீட்டிய ஓர் இறக்கை ஆகியனவும் அவருடைய திருப்பணிகளே. 2025 ஜனவரியில் நாடெங்கும் வாகனங்களின் மேலதிக அலங்காரங்களைப் பொலிசார் வீதியிலேயே களையத் தொடங்கியபோது, நான் ஹோர்னையும் விளக்குகளையும் நானாகவே கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். இறக்கை மாத்திரம் கழலவில்லை. அதன் கீழிருந்த தகடு துருவாய்ப் போனதால், காரை இறக்கை பிடித்திருக்கிறதா, இறக்கையைக் கார் பிடித்திருக்கிறதா என்பதில் காரைத் திருத்திய மெக்கானிக் பாஸுக்கும் எனக்கும் அபிப்பிராயபேதம் உண்டு.

முதலாளியிடமிருந்து அதை வாங்கியவர் என் மனைவியின் தம்பி. வாங்கிய சில காலத்தில் அவர் சுவிற்சர்லாந்துக்குப் போனார். "அத்தான், வந்து எடுக்கிறன்" என்று சொல்லிக் காரை என் வளவில் விட்டுவிட்டுப் போனார். அவர் வந்தார், பல தடவை வந்தார், ஒவ்வொரு தடவையும் காரின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்.

அது அவ்வாறு நின்ற காலத்தில் எனக்கு ஒரேயொரு முறை பயன்பட்டதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும். 2022இல் பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்று, ஜூலை மாதத்தில் கியூ.ஆர். அனுமதி வந்து, வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று பங்கிட்டார்களல்லவா? என் கார் நகராது. நகர்ந்தாலும் டீசலில்தான் நகரும். ஆயினும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் அது இன்றளவும் பெற்றோல் கார். அந்த அசையாச் சொத்தின் பங்கில் என் மோட்டார் சைக்கிள் ராஜபோகமாக ஓடியது. அதே வருஷம் ஜூன் இறுதியில் பெற்றோல் 470 ரூபா, டீசல் 460 ரூபா என்றாகி, முதலாளியின் பொருளாதார ஞானம் லீற்றருக்குப் பத்து ரூபாவாகச் சுருங்கியதையும் அந்த வரிசையில் நின்றே தெரிந்துகொண்டேன்.

காரை உயிர்ப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்ததற்கும் அரசாங்கமே பொறுப்பு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதுவரை பழைய இரும்பு வியாபாரி கிலோக் கணக்கில் விலை பேசிக்கொண்டிருந்த வஸ்துக்களுக்கெல்லாம் மெல்ல மெல்ல இலட்சக் கணக்கு வந்தது. தகப்பன் காலத்து சன்னிக்கும் பெட்டி வடிவ லான்சருக்கும் மக்கள் சொன்ன விலைகளைக் கேட்டபோது, என் வளவில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த பின்னாசனத்தை நான் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். கோழியை அப்புறப்படுத்தினோம். வயர்களை எலி தின்றிருந்தது. டீசல் தாங்கிக்குள் கறுத்த கஞ்சி. கும்புறுமூலையிலிருந்து நான் சொன்ன அந்தப் பாஸ் வந்து, தாங்கியைக் கழற்றிக் கழுவி, பில்டரை மாற்றி, கைப்பம்பை அமுக்கி அமுக்கி, இன்ஜெக்ரர் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். ஒவ்வொன்றின் விளிம்பிலும் முதலில் வெறுங்காற்று, பின் நுரை, பின் குமிழி, கடைசியில் குமிழியற்ற தெளிந்த டீசல் கசிய, அவர் நட்டை இறுக்கினார். நான் மணிப் பொத்தானை அமுக்கிப் பத்து எண்ணினேன். அது எழுந்தது. வளவு முழுவதும் புகை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் படுவான்கரை வயலில் தண்ணீர் இறைக்கும் பம்பு ஓடுவது போலிருந்தது. என் மனைவி குசினியிலிருந்து வெளியே வந்து, "நிற்பாட்டத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியவில்லை; நிறுத்தும் வயரையும் எலி தின்றிருந்தது.

எல்லாம் சரிசெய்து, பட்டி பூசி, சிவப்பு வர்ணமும் அடித்து முடித்த வேளையில், 2025 பெப்ரவரி முதலாம் திகதி தனியார் வாகன இறக்குமதிக்கு மறுபடியும் அனுமதி கொடுத்துவிட்டார்கள். என் வாழ்க்கையில் அரசாங்கம் என்னோடு ஆலோசியாமல் எடுத்த முடிவுகளில் இதுவும் ஒன்று. நல்ல வேளையாக வரிகளைக் கடுமையாகப் போட்டார்கள். ஆகவே புதிய கார் வாங்க முடியாதவர்களின் தொகை குறைந்துவிடவில்லை. அவர்களெல்லோரும் என் காரைப் பார்க்க வந்தார்கள்.

பார்க்க வந்தார்கள் என்று சொல்லும்போது, நாமெல்லோரும் அறிந்த அந்த வைபவத்தையே குறிப்பிடுகிறேன். தமிழன் ஒருவன் எங்கேனும் ஒரு வாகனத்தின் பொனற்றைத் திறந்தால், அந்த வீதியால் போகும் ஆண்பிள்ளைகள் யாவரும் வந்து சூழ்ந்து நின்று உள்ளே பார்ப்பது தொன்றுதொட்ட வழக்கம். நானும் செய்கிறேன், நீங்களும் செய்கிறீர்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். தலையைச் சிறிது சரிக்க வேண்டும். "ம்ம்" என்ற ஒலியை மூக்கால் எழுப்ப வேண்டும். அந்த ஒலிக்குப் பின் சிறிது நேரம் யாரும் பேசலாகாது. அதன்பின் ஒருவர் ஏதேனும் ஒரு குழாயை விரலால் தொட்டு, "இது எங்க போகுது?" என்பார். அந்தக் குழாய் எங்கே போகிறதென்று அங்கே எவருக்கும் தெரியாது. ஆயினும் அது தவறான இடத்துக்கே போகிறது என்பதில் அனைவரும் ஏகமனதாயிருப்பார்கள். மூத்தவர் ஒருவர் டிப்ஸ்ரிக்கை உருவி, எண்ணெயை இரு விரல்களுக்கிடையில் தேய்த்து, முகர்ந்து பார்த்து, அதைத் தம் சாரத்தில் துடைத்துவிட்டு, "மனே, இது தண்ணி கலந்திருக்கு" என்பார். அவர் உருவியது ஸ்டியரிங் எண்ணெயின் மூடியாக இருந்தாலும் தீர்ப்பு அதுவே. இந்தக் கூட்டத்தில் வாங்க வந்தவர் யார், சந்தைக்குப் போகும் வழியில் நின்றவர் யார், என் வீட்டுக்குத் தண்ணீர் பில் கொண்டுவந்தவர் யார் என்று நான் பிரித்தறிவதற்குள், ஒருவர் முன்னாசனத்தில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பிக்கொண்டிருப்பார். ஓடாமல் நிற்கும் காரின் ஸ்டியரிங்கைத் திருப்பாதீர்கள் என்று நான் சொல்வதற்குள் மணிப் பொத்தானையும் அமுக்கிவிடுவார். மணி அடிக்கவில்லையே என்று கேட்பார். இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் விளக்கத்தை என் மனைவி உறக்கத்திலும் ஒப்புவிப்பாள்.

ஒருவர் காந்தம் கொண்டுவந்தார். பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது, தகடு உள்ள இடத்தில் ஒட்டும் என்ற சாஸ்திரம் பிழையற்றது. அவர் காந்தத்தைக் கதவில் வைத்தார், அது மணலில் விழுந்தது. மட்கார்டில் வைத்தார், விழுந்தது. பின்புறத்தில் ஓரிடத்தில் ஒட்டியது. அங்கே குனிந்து பார்த்தவர், அது ஓர் ஆணி என்று அறிவித்தார். இன்னொருவர் கனடாவிலுள்ள தம் மருமகனைக் கைத்தொலைபேசியின் திரையில் கூட்டிவந்து, காரைச் சுற்றி ஊர்வலம் நடத்தினார். "கீழ காட்டுங்க மாமா, இன்னும் கீழ" என்று ரொறன்ரோவிலிருந்து கட்டளை வர, அவர் சேற்றில் முழந்தாளிட்டுக் காட்டினார். அங்கே நள்ளிரவுக்கு மேலாகியும் உறங்காத அந்தப் பிள்ளை, தான் ஒரு காலத்திலும் ஓட்டப்போகாத ஒரு காரின் அடித்தகட்டைப் பார்த்து, "பழுது" என்று ஒற்றைச் சொல்லில் முடித்தது. வேறொரு தம்பி, ஓட்டிப் பார்க்காமல் எப்படி வாங்குவது என்று நியாயமாகக் கேட்டு, நண்பர்கள் மூவரோடு ஏறிப் பாசிக்குடாவரைக்கும் போனார். திரும்பி வந்தபோது அவர்களுடைய தலைமயிர் நனைந்திருந்தது. ஆசனமும் நனைந்திருந்தது. கார் நன்றாக இருப்பதாக அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்; கடலும் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். டீசலைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

புராணம் செய்கிறவர்கள் வேறு. கட்டுக்குருந்தையில், உலக யுத்த காலத்து விமானத் தளத்தில் கார்ப் பந்தயம் நடந்ததல்லவா, அங்கே ஓடிய வண்டி இது என்று ஒருவர் என்னிடமே என் காரைப் பற்றிச் சொன்னார். அடுத்த வாரம் வந்தவர் அது நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியிலும் முதலாவதாக வந்தது என்றார். மலையேற்றம்! இது கிரானிலிருந்து புறப்பட்டு ஓட்டமாவடிப் பாலத்தின் சிறு ஏற்றத்தைக் கடக்கையில், பின்னால் வரும் முச்சக்கர வண்டிக்காரர் தம் பயணிக்குக் கதை சொல்லி முடிக்கும் வரைக்கும் எனக்கு நேரமிருக்கும். இந்தப் புராணிகர்களை நான் நேசிக்கிறேன் என்றாலும், அவர்களில் ஒருவரேனும் முற்பணமாக ஓர் ஆயிரம் ரூபா நீட்டியதில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். புகழ்கிறவன் வாங்குவதில்லை, இகழ்கிறவனும் வாங்குவதில்லை, மௌனமாக நிற்கிறவன் விலாசம் தவறி வந்தவன்.

ஏன் விற்கிறேன் என்பதற்கு வருகிறேன். இடையில் இலக்கத் தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் விஷயம் விளங்காது. என் காரின் தகட்டில் இருப்பது சிங்கள ஸ்ரீ. 1957இல் அந்த எழுத்தைத் தகடுகளில் கட்டாயமாக்கினார்கள். வடக்கிலும் கிழக்கிலும் எங்களவர்கள் அதைத் தாரால் அழித்துத் தமிழ் ஸ்ரீயை எழுதினார்கள். 1958இல் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளின்மேல் தார் ஏறியது. அதன்பின் மனிதர்மேல் நடந்ததைச் சரித்திரம் எழுதியவர்கள் எழுதியிருக்கிறார்கள். இன்று என் படலையில் நின்று அந்த எழுத்தை ஆசையோடு தடவி, "சேர், ஸ்ரீ நம்பர், இதுக்கு மட்டுமே தனி விலை குடுக்கலாம்" என்கிற பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாது. சொன்னாலும், தாரின் அடையாளம் இன்னும் தகட்டில் இருந்தால் விலை கூடுமா என்றே கேட்கும். அன்று தாருக்கு இருந்த கிராக்கி இன்று தகட்டுக்கு. இதில் எனக்கு வந்த கோபம் யார்மீது என்று எனக்கே தெளிவில்லாமையால், அந்தப் பிள்ளைக்கு விலையில் இருபத்தையாயிரம் கூட்டிச் சொன்னேன்.

தகட்டை விடுங்கள், புத்தகம் இருக்கிறதே! அதில் உள்ள எஞ்சின் இலக்கமும் காரில் உள்ள எஞ்சின் இலக்கமும் ஒன்றையொன்று அறியா. எரிபொருள் பெற்றோல் என்கிறது, நிறம் நீலம் என்கிறது, உரிமையாளர் அந்தத் தேங்காய் வியாபாரி என்கிறது. முதலாளியும் பெயரை மாற்றவில்லை, மைத்துனரும் மாற்றவில்லை, ஓப்பன் பேப்பரில் கையொப்பத்தின்மேல் கையொப்பமாகக் கைமாறிய வாகனங்களெல்லாம் இந்தத் தேசத்தில் இப்படித்தான் இறந்துபோனவர்களின் பெயரில் ஓடிக்கொண்டிருக்கின்றன. விஷயம் தெரிந்த ஒருவர் வந்தால் முதலில் புத்தகத்தைத்தான் கேட்கிறார். கேட்டு, வாசித்து, மூடி, என் தோளைத் தட்டிவிட்டுப் போகிறார். அவருடைய அனுதாபத்தைவிடக் காந்தக்காரரின் ஆணி எனக்கு மேல்.

ஆகவே முழுக் காராக இதை விற்பது நடவாத காரியம் என்று ஒரு புறோக்கர் எனக்குப் புத்தி சொன்னார். துண்டு துண்டாக விற்கவேண்டுமாம். உடம்பை மட்டக்களப்பில் ஒருவர் கேட்கிறார். அவர் அதற்குள் மறுபடியும் பெற்றோல் எஞ்சின் வைத்துப் பூர்வ நிலைக்குக் கொண்டுவருவாராம். புத்தகத்தையும் தகட்டையும் கொழும்பில் ஒருவர் கேட்கிறார். அவருக்குக் காரே வேண்டாம். இறக்கையை ஒரு முச்சக்கர வண்டிக்காரர் கேட்டார். மூன்றையும் கூட்டினால், முழுக் காருக்கு நான் சொன்ன விலையைவிட அதிகமாக வருகிறது, இந்தக் கணக்கை மைத்துனருக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "அத்தான், அதில எனக்கு எவ்வளவு?" என்று, வருஷக்கணக்கில் கொட்டில் வாடகையைப் பற்றி நினைத்தும் பார்த்திராத அந்த மனிதர், ஆச்சரியப்படத்தக்க வேகத்தில் கேட்டார்.

எஞ்சினுக்கு மாத்திரம் முற்பணம் வந்துவிட்டது. புலிபாய்ந்தகல் பக்கத்து விவசாயி ஒருவர். காரை அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பொனற்றுக்கு வெளியே நின்று, கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் கேட்டார். தம் வயலுக்குப் பம்பு பூட்ட இதுவே சரி என்றார். சொன்ன விலையில் ஐயாயிரம் குறைத்து, மடியிலிருந்து எடுத்து எண்ணித் தந்தார். மற்றப்படி பேச்சில்லை. ஆனால் மழை தொடங்கிவிட்டது. வருஷாவருஷம் நடப்பதுபோல் கிரான் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய்கிறது. அக்கரைக்குப் போவதானால் தோணியில், அல்லது உழவு இயந்திரத்தின் பெட்டியில் போகவேண்டும். எஞ்சினைத் தோணியில் ஏற்ற எந்தத் தோணிக்காரரும் சம்மதிக்கவில்லை. உழவு இயந்திரக் கூலி வாங்குகிறவருக்கா, விற்கிறவருக்கா என்பதே இப்போது எங்களுக்குள் நடக்கும் வழக்கு. விற்றவன் கொண்டுவந்து தருவதே முறை என்று அவர் சொல்லியனுப்பியிருக்கிறார். வாங்கினவன் வந்து எடுப்பதே முறை என்று நான் சொல்லியனுப்பியிருக்கிறேன். வெள்ளம் வடிந்தால் யார் சொன்னதும் வேண்டாம், மாட்டு வண்டியிலேயே கொண்டுபோகலாம் என்று உழவு இயந்திரக்காரர், தமக்கே நஷ்டமாக, இருவருக்கும் சொல்லியிருக்கிறார்.